தோட்டப்புற ஊரில் கலை நிர்வாகி ஆவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் கலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. உறுமி மேளக் குழுக்கள் இருக்கின்றன. கோயில் திருவிழா என்றால் கோலாட்டம் ஆடப் பிள்ளைகள் முண்டியடித்து வருகிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கு நாடகம் எழுதித் தர ஆசிரியர் இருக்கிறார். இவர்களை ஒன்று சேர்த்து, மண்டபம் எடுத்து, அனுமதி வாங்கி, பணம் திரட்டி, கணக்கை ஒப்படைத்து, அடுத்த ஆண்டும் விட்ட இடத்திலிருந்து தொடர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர்தான் கிடைப்பதில்லை.

இதுநாள் வரை கோயில் செயலாளரும் தமிழாசிரியரும் தோட்டத்து மன்றத் தலைவரும் சொந்த வேலை போக மீதி நேரத்தில், கைக்காசைப் போட்டு இதைச் செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் ஓய்ந்ததும் நிகழ்ச்சியும் ஓய்ந்துவிடும். இதையே தொழிலாக எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்தவராக இருக்கலாம், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவராக இருக்கலாம், பிள்ளைகளை வளர்த்துவிட்டு வெளியே வர நினைக்கும் அக்காவாகவும் இருக்கலாம். ஆடவோ பாடவோ தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுதி வைக்கும் பழக்கமும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும் பழக்கமும் இருந்தால் போதும். மற்றதெல்லாம் வேலையிலேயே வரும்.

முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய விழாவை மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஊரைச் சுற்றுங்கள். யார் என்ன வாசிக்கிறார்கள், எங்கே பழகுகிறார்கள், கற்றுக்கொடுத்தவர் யார், இப்போது அந்தக் குழுவுக்கு என்ன குறை? இந்த நான்கு கேள்வி போதும்.

பினாங்கில் ஜேனட் பிள்ளை 1999-இல் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் என்ற கலைக்கல்வி அமைப்பு இந்த வழியில்தான் வேலை செய்தது. பிள்ளைகள் தங்கள் தெருவில் இருக்கும் வியாபாரிகளிடமும் கைவினைஞர்களிடமும் போய்ப் பேசி, கேட்டதை வைத்து நிகழ்ச்சியும் வரைபடமும் செய்தார்கள். சமூகக் கலையில் ஆர்வம் உள்ள எவரும் அந்த வேலையைத் தேடிப் படிக்க வேண்டும். நம் ஊருக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது, ஆனால் கேட்கும் முறை அப்படியே பொருந்தும்.

தோட்டப்புற ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்களில் லயன்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) காலியாகின, மக்கள் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் பிரிந்து போனார்கள். ஒரே லயத்தில் வளர்ந்து ஒன்றாகத் தப்பு அடித்தவர்கள் இன்றைக்கு நாலு தாமான்களில் இருக்கிறார்கள். கோயில் மட்டும் பழைய தோட்டத்திலேயே இருக்கும், திருவிழாவுக்கு எல்லாரும் அங்கே கூடுவார்கள். ஆகவே இன்றைய முகவரியை மட்டும் எழுதாதீர்கள். "எந்தத் தோட்டம்?" என்று கேட்டு எழுதுங்கள். யாரோடு யார் ஒத்துப்போவார்கள் என்பது பெரும்பாலும் அந்தப் பதிலில் இருக்கும்.

கேட்கும்போது மரியாதையும் முறையும் முக்கியம். உறுமிக் குழுத் தலைவரிடம் நேராகப் போய், "நாங்க ஒரு ப்ராஜெக்ட் பண்றோம்" என்றால் அவர் கைகட்டிக்கொண்டு நின்றுவிடுவார். பழகும் நேரத்துக்குப் போய் உட்காருங்கள். கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரைக்குக் கீழே, வேலை முடித்து வந்த பையன்கள் வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் தோளில் உறுமியை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்க்கும்போது எழும் அந்த உறுமல் சரியாக வரும்வரை ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். முடிந்து தேத்தண்ணீர் வரும் நேரத்தில், "அண்ணே, உங்க செட்டுக்கு என்ன தேவைப்படுது?" என்று கேளுங்கள். உடையும் மேடையும் கேட்பார் என்று நினைத்திருப்பீர்கள். வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: "பழக இடம் இல்ல தம்பி. தாமான்ல ஒன்பது மணிக்கு மேல வாசிச்சா பக்கத்து வீட்டுக்காரன் போலீசுக்கு போன் போட்டுர்றான்."

உங்கள் முதல் திட்டம் கிடைத்துவிட்டது. வாரம் இரண்டு இரவு, வீடுகளுக்குத் தள்ளி, பூட்டும் விளக்கும் உள்ள ஓர் இடம். பள்ளி மண்டபமா, கோயில் மண்டபமா, பாலாய் ராயா எனும் பொது மண்டபமா? யாரிடம் சாவி, மின்கட்டணம் யார் கட்டுவது, கடைசியில் பெருக்கிப் பூட்டுவது யார்? இதை ஒரு பக்கத் தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால், ஊரில் எந்த மேடை நிகழ்ச்சியையும் விட உருப்படியான கலைப்பணி அதுதான் என்பேன்.

ஏற்கெனவே நடப்பதில் ஒரு பொறுப்பை எடுங்கள்

அடுத்து, ஏதாவது ஒரு குழுவில் செயலாளர் அல்லது பொருளாளர் வேலையைக் கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பாத பதவி என்பதால் சுலபமாகக் கிடைக்கும். கூட்டக் குறிப்பு எழுதுவது, வருகைப் பதிவு, ரசீது புத்தகம், நன்றிக் கடிதம் எல்லாம் அங்கேதான் கைக்கு வரும். நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒரு பக்க அறிக்கை எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எது தாமதமானது, இரண்டு நல்ல படம். இப்படி ஐந்தாறு அறிக்கை சேர்ந்தால், உங்களுக்கு அனுபவம் இருக்கிறது என்பதற்கு எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

பணத்தில் துல்லியமாக இருப்பவரை இந்த ஊர் நம்பும். அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர் இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். நம் தாத்தா பாட்டிகள் நம்பிப் பணம் கொடுக்கத் தெரிந்தவர்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ரசீதும் கணக்கும் இருந்தன.

ஒரு மாலை நிகழ்ச்சியை நடத்துவது

இப்போது வேலையின் நடுப்பகுதிக்கு வருவோம். உறுமி, கும்மி, ஒரு குறுநாடகம் என்று மூன்று மணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஊர் மண்டபத்தில் நடத்தப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நாளை முடிவு செய்யும்போது தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடித் திருவிழாக்கள், தீபாவளி, பள்ளித் தேர்வுகள் எல்லாவற்றையும் ஒரே நாள்காட்டியில் குறியுங்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரங்களில் உறுமிக் குழுக்கள் உங்களுக்குக் கிடைக்கவே மாட்டார்கள், கேட்டும் பயனில்லை. சம்பளம் போட்ட வாரத்தில் வைத்தால் கூட்டம் வரும். தோட்டத்தில் வேலை செய்பவர்கள் விடியற்காலையில் எழ வேண்டியவர்கள், அதனால் மறுநாள் விடுமுறையாக இருக்கும் இரவைத் தேர்ந்தெடுங்கள், பத்தரைக்குள் முடியுங்கள்.

மண்டபம் உறுதியானதும் அனுமதிகள். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பொது நிகழ்ச்சிக்குக் கேளிக்கை உரிமம் தேவையா என்பதை மாநிலச் சட்டம் முடிவு செய்கிறது. சுங்கை சிப்புட் என்றால் கோலா கங்சார் நகராண்மைக் கழகத்தில் போய்க் கேளுங்கள். நுழைவுச்சீட்டு விற்கிறீர்களா, இலவசமா, உள்ளேயா, திடலிலா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். போலீஸ் நிலையத்துக்குத் தனியாகக் கடிதம் கொடுங்கள், போக்குவரத்துக்கு எத்தனை தொண்டர்கள் நிற்பார்கள் என்பதையும் அதில் எழுதுங்கள். மேடையில் சினிமாப் பாட்டு பாடினாலோ போட்டாலோ பதிப்புரிமைக்காரர்களுக்கு உரிமக் கட்டணம் உண்டு. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது அவர்கள் உரிமை. பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் அதை எம்.ஏ.சி.பி. என்ற பதிப்புரிமை அமைப்பு வசூலிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து கலைஞரை அழைப்பதாக இருந்தால் வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான அரசாங்கக் குழுவான புஸ்பால் வழியாக அனுமதி பெற வேண்டும், குடிநுழைவு வேலையும் கூடவே வரும். முதல் நிகழ்ச்சிக்கு அந்த வழியில் போகவே வேண்டாம். உள்ளூர் ஆட்களே மேடையை நிறைத்துவிடுவார்கள்.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கடிதம் மலாயில் இருக்கட்டும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதத்துக்குச் சமம். பேசிய அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் அன்றே எழுதி வையுங்கள்.

செலவுத் திட்டத்தை மூன்று பத்தியாகப் போடுங்கள்: நினைத்தது, விலை விசாரித்தது, கொடுத்தது. மண்டபம், ஒலி, ஒளி, கூடாரம், நாற்காலி, சாப்பாடு, பேனர், கலைஞர் சன்மானம், போக்குவரத்து, அனுமதிக் கட்டணம், துப்புரவு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கைம்மீதியாக ஒதுக்குங்கள். கலைஞர் சன்மானத்தைக் கடைசியில் வெட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது: ஸ்பீக்கர் வாடகைக்காரருக்கு முழுக் காசு, உறுமி வாசித்த பையன்களுக்கு ஒரு பொன்னாடையும் பிரியாணிப் பொட்டலமும். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். தொகை சிறியதாக இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள், உறையில் போட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். நீங்கள் தொழிலாகச் செய்ய வந்திருக்கும்போது அவர்களுக்கு மட்டும் அது தொண்டாக இருக்க முடியாது.

அப்புறம் மின்சாரம். பழைய மண்டபங்களில் ஒலி, ஒளி, காற்றாடி, சாப்பாட்டுச் சூடேற்றி எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் மாட்டினால் நிச்சயம் பியூஸ் போகும். ஒலிக்காரரை ஒரு வாரம் முன்பே மண்டபத்துக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டுங்கள். மழையையும் மறக்காதீர்கள். பேராக்கில் மாலை இடிமழை சாதாரணம். சாப்பாடு வெளியே என்றால் கூடாரம் கட்டாயம். வாசலில் ஈரச் செருப்புகளுக்கு இடமும், முதியவர்கள் வழுக்காமல் வர ஒரு சாக்கும் போட்டு வையுங்கள்.

மேடை நேரத்தைத் தாளில் நிமிடக் கணக்கில் எழுதி, மேடைக்கு இரு பக்கமும் ஒட்டுங்கள். நம் நிகழ்ச்சிகளைக் கெடுப்பது பெரும்பாலும் வரவேற்புரைகள்தான். பேசுபவர்களை மூன்று பேருக்குள் நிறுத்துங்கள், ஆளுக்கு எத்தனை நிமிடம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள். அரசியல்வாதிகள் வருவார்கள், வரட்டும், நிதியும் தரட்டும். ஆனால் மேடைப் பின்திரையில் யார் படமும் வராது, கட்சிக் கொடி வராது என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே குழுவின் தீர்மானமாக எழுதிவிடுங்கள். எந்தக் கட்சிக்கும் இது பொருந்தும் என்று தெரிந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிள்ளைகள் இருக்கும் இடத்தில்

பழகுபவர்களில் பாதிப் பேர் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், அவசரத் தொலைபேசி எண், ஒவ்வாமை விவரம் ஆகியவை ஒரு கோப்பில் இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. உடை மாற்றும் அறைக்குப் பெண் தொண்டர் ஒருவர். பழகி முடிந்து ஒவ்வொரு பிள்ளையும் யாரோடு வீட்டுக்குப் போனது என்பதை எழுதிக் குறித்த பிறகுதான் மண்டபத்தைப் பூட்ட வேண்டும். 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தையும், 2017-இல் வந்த சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தையும் கலை வகுப்பு நடத்துபவர்கள் ஒருமுறையாவது படித்திருக்க வேண்டும். ஊரில் பெண்பிள்ளைகளைப் பழக அனுப்பத் தயங்கும் பெற்றோர்கள், இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் மனம் மாறுவார்கள்.

பதிவும் பணமும்

ஒன்றிரண்டு நிகழ்ச்சி முடிந்ததும் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு வழி உண்டு. குழுவாகச் செய்தால் 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் சங்கப் பதிவிலாகாவில் பதியலாம். குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும். இதை விட்டுவிட்டுப் பதிவை இழந்த சங்கங்கள் நம்மிடையே ஏராளம். தனியாளாக நிகழ்ச்சி நிர்வாகம் செய்து கட்டணம் வாங்குவதாக இருந்தால் எஸ்.எஸ்.எம். எனும் நிறுவனங்கள் ஆணையத்தில் வியாபாரப் பதிவு: சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரில் 60 வெள்ளி. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேங்குக் கணக்கு கண்டிப்பாகத் தனித்தனி. சங்கத் தலைவராக இருந்துகொண்டு உங்கள் சொந்தக் கம்பெனிக்கே வேலை கொடுப்பதாக இருந்தால், அந்தக் கூட்டத்தில் நீங்கள் வாக்களிக்காமல் வெளியே நில்லுங்கள், அதையும் குறிப்பில் எழுதுங்கள்.

மானியத்துக்கு எங்கே போவது? ஜே.கே.கே.என். எனப்படும் தேசியப் பண்பாடு கலைத் துறைக்கு மாநில அலுவலகம் உண்டு, முதலில் அங்கே முகம் காட்டுங்கள். 2017-இல் தொடங்கப்பட்ட செண்டானா எனும் கலை வளர்ச்சி அமைப்பு, கலைஞர்களுக்கும் குழுக்களுக்கும் மானியம் அறிவிக்கும்போது விண்ணப்பிக்கலாம். இந்திய சமூகத் திட்டங்களுக்கு மித்ரா என்ற அரசாங்கப் பிரிவு. ஹசானா அறவாரியம் கலையையும் பொது இடங்களையும் தன் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஈப்போவில் உள்ள போர்ட் (PORT) என்பது பேராக் கலைஞர்களுக்கான இடம், அங்கே நடப்பவற்றுக்குப் போய் ஆட்களைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். விண்ணப்ப நாட்களும் நிபந்தனைகளும் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே அந்தந்தப் பக்கத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். அரசாங்கக் கணக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். நவம்பரில் போய் அந்த ஆண்டுப் பணம் கேட்டால் கையை விரிப்பார்கள்.

கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது மானியத்துக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கை, ஆறேழு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன செய்யப் போகிறோம், யாருக்கு, ஏன் இந்த ஊரில், எப்போது, யார் பொறுப்பு, எவ்வளவு, முடிந்தபின் எதை வைத்துப் பலனைச் சொல்வோம். முதல் மாதங்களில் நோட்டில் எழுதியது இங்கேதான் கைகொடுக்கும். "இந்தியர் பண்பாட்டைக் காக்க" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். "நாலு தாமான்களில் பிரிந்திருக்கும் இத்தனை பேர் கொண்ட மூன்று குழுக்களுக்குப் பழக இடம் இல்லை" என்று எழுதுபவரின் தாளை அதிகாரி நின்று படிப்பார்.

உள்ளூர்க் கடைக்காரர்களிடமும் கேளுங்கள். பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. மளிகைக்கடை அரிசி தரலாம், அச்சகம் பேனர் தரலாம், லாரிக்காரர் ஒரு நடை தரலாம். அதற்கும் மதிப்புப் போட்டுக் கணக்கில் காட்டுங்கள். நன்கொடைக்கு வரிவிலக்கு உண்டு என்று மட்டும் வாய்விட்டுவிடாதீர்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குத்தான் அது பொருந்தும்.

படிப்பும் பிழைப்பும்

முறையாகப் படிக்க விரும்பினால் கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக் கல்விக்கழகம், பினாங்கில் யு.எஸ்.எம். பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளி, தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகத்தின் இசை, நிகழ்த்துகலைப் பிரிவு ஆகியவற்றின் சேர்க்கை விவரங்களைப் பாருங்கள். கணக்கியல் அல்லது மனிதவள டிப்ளோமா படித்தவரும் இந்தத் துறைக்கு நன்றாகவே பொருந்துவார். என்னைக் கேட்டால் பட்டத்தை விடவும் ஓரிரண்டு ஆண்டு வெளியே வேலை பார்ப்பது பெரிது. 1981-இல் உருவான டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம் 1983-இல் தொடங்கிய சூத்ரா நடனக் குழு, 1984-இல் பிறந்த ஃபைவ் ஆர்ட்ஸ் சென்டர், 2005-இல் திறந்த கே.எல்.பேக் அரங்கம் போன்ற இடங்களில் தொண்டராகவோ மேடை உதவியாளராகவோ சேர முயலுங்கள். ஒத்திகை எப்படி நேரத்துக்குத் தொடங்குகிறது, ஒளி அமைப்பவர் எந்தத் தாளைப் பார்த்து வேலை செய்கிறார், முன்பதிவு மேசை எப்படி நடக்கிறது என்பதெல்லாம் அருகில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

வருமானத்தைப் பொறுத்தவரை மறைக்காமல் சொல்கிறேன். சிறு ஊரில் கலை நிர்வாகத்தை மட்டும் நம்பி முழுச் சம்பளம் முதல் சில ஆண்டுகளில் வராது. பகுதி நேர வேலை ஒன்று, பள்ளியில் கலை வகுப்பு, திருமணம், காதுகுத்து நிகழ்ச்சிகளுக்கு ஒருங்கிணைப்பு, மற்றக் குழுக்களுக்குக் கெர்த்தாஸ் கெர்ஜா எழுதித் தருவது என்று நாலைந்து வரவைச் சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். மானியத்துக்கு எழுதும்போது நிர்வாகச் செலவு என்று உங்கள் ஊதியத்தையும் ஒரு வரியாகப் போடுங்கள், விதி அனுமதிக்கும் இடத்தில் கூச்சப்படாதீர்கள். முதலாளி இல்லாதவர்கள் ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் மூலம் தாங்களாகவே பணம் போடலாம். சுயதொழில் செய்வோருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் விபத்துப் பாதுகாப்பும் உண்டு. மேடைக் கம்பி காலில் விழுந்தால் அதன் அருமை தெரியும். வருமானம் வந்த மாதமே இரண்டையும் தொடங்குங்கள்.

இரண்டாவது ஆண்டிலேயே உங்களுக்கு அடுத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேங்குக் கையெழுத்து இரண்டு மூன்று பேருக்கு, வாட்ஸ்அப் குழுவுக்கு இன்னொரு நிர்வாகி, மின்னஞ்சல் கடவுச்சொல் மூடிய உறையில் பொருளாளரிடம், முத்திரை வாங்கிய கடிதங்களெல்லாம் ஆண்டுவாரியாக ஒரே பெட்டியில். அடுத்த நிகழ்ச்சிக்கு நகராண்மைக் கழகத்துக்குப் போகும் வேலையை அந்தத் தம்பியிடமோ தங்கையிடமோ கொடுங்கள். நீங்கள் கூடப் போய் வெளியே நாற்காலியில் உட்காருங்கள்.